பூனையின் பாதமும் நமது தூய்மையும்

தொடர்மாடி வீடுகளிலே பூனை வளர்ப்போருக்குப் பொதுவான ஒரு முறைப்பாடு உண்டு. மூலையில் வைக்கப்பட்டுள்ள மணற்பெட்டியினுட் சென்று கழிவகற்றிவிட்டு வெளிவரும் பூனை, தன் பாதங்களில் ஒட்டிக்கொண்ட மணல்மணிகளையும் உடன்கொண்டு வருகின்றது. அவை கூடத்திலே சிதறுகின்றன. படுக்கை விரிப்பிலே உதிர்கின்றன. சிலவேளைகளிற் சமையலறை மேடையிலும் காணப்படுகின்றன. சுத்தத்திற்கென விலைகொடுத்து வாங்கிய பொருளே அசுத்தமாகி வீடெங்கும் நடமாடுகின்றது. இதனை எவ்வாறு தடுப்பது என்பது வீட்டுக்காரரின் கேள்வி.

பொருள்விலையும் வேலையின்மையும் மக்களை வாட்டும் ஒரு நாட்டிலே, பூனையின் காலில் ஒட்டிய மணலைப் பற்றிக் கட்டுரை எழுதுவது வீண்வேலை என்று சிலர் கூறக்கூடும். அக்கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், அறவியல் என்பது போர்க்களங்களையும் தூக்குமேடைகளையும் பற்றிய ஆராய்ச்சி மாத்திரமன்று. ஒரு சமுதாயம் தனது அழுக்கை என்ன செய்கின்றது, அதனை யார் தலையில் ஏற்றுகின்றது என்னும் கேள்விகளும் அறவியற் கேள்விகளே. பெரிய அரங்கிலே இக்கேள்விகளை எழுப்பும்பொழுது, நலன்களும் தப்பெண்ணங்களும் குறுக்கிட்டு நமது பார்வையை மறைத்துவிடுகின்றன. ஒரு பெட்டியின் அளவிலே, நான்கு பாதங்களின் அளவிலே அவற்றை எழுப்பினால், விடயம் தெளிவாகத் தெரிகின்றது. அதனாலேயே இச்சிறு பொருள் ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதலிற் பூனையின் பக்கத்திலிருந்து விடயத்தை நோக்குவோம். வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப்பூனை என்பதை விஞ்ஞானிகள் நிறுவியுள்ளனர். சைப்பிரசுத் தீவிலே, ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியொன்றில் மனிதரின் எலும்புக்கூட்டிற்கு அருகே பூனையின் எலும்புக்கூடும் காணப்பட்ட செய்தி 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. களஞ்சியங்கள் தோன்றிய காலத்திலே, எலிகளைத் தேடிவந்த பூனை மனிதரோடு உறவாடத் தொடங்கியது. வறண்ட நிலத்திலே தோன்றிய இவ்விலங்கு, மண்ணைத் தோண்டிக் கழிவை இட்டு, மீண்டும் மண்ணால் மூடும் பழக்கத்தையும் தன்னோடு கொண்டுவந்தது. இப்பழக்கத்தை எவரும் அதற்குக் கற்பித்ததில்லை.

யாழ்ப்பாணத்து வளவொன்றிலே வாழும் பூனையைக் கவனித்தவர்கள் இதனை அறிவர். வேலியோரத்திலோ கிணற்றடிக்கு அப்பாலோ அது தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்கின்றது. காலில் ஒட்டிய மணல், வீட்டு வாசலை அடையுமுன்னரே பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றது. அங்கே மணற்பெட்டியும் இல்லை. அது பற்றிய முறைப்பாடும் இல்லை. ஆகவே, பாதத்தில் மணல் ஒட்டுதல் என்பது பூனையின் இயல்பிலே தோன்றிய பிரச்சினை அன்று. மண்ணிலிருந்து பூனையைப் பிரித்து, நான்கு சுவர்களுக்குள் அடைத்து, மண்ணுக்குப் பதிலாக ஒரு பெட்டியைக் கொடுத்த வாழ்க்கைமுறையிலே தோன்றிய பிரச்சினை அது. அடைத்தவர் நாம், முறையிடுபவரும் நாமே.

பூனைக்கென விற்கப்படும் மணலின் வரலாறு சுவையானது. அவ்வரலாறு தொடங்குவதே பாதத்தில் ஒட்டும் பிரச்சினையிலிருந்துதான். 1947ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கசோபொலிஸ் என்னும் சிற்றூரிலே, எட்வேட் லோ என்ற இளைஞர் தந்தையின் வியாபாரத்திற் பணிபுரிந்துவந்தார். தொழிற்சாலைத் தரையிற் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்கான மரத்தூள், களிமண் முதலியவற்றை விற்பது அவ்வியாபாரம். குளிர்காலத்தில் ஒருநாள் அயல்வீட்டுப் பெண்ணொருவர் அவரிடம் வந்தார். அவர் தமது பூனையின் பெட்டியிற் சாம்பலை இட்டுப் பயன்படுத்திவந்தார். சாம்பல் பாதத்தில் ஒட்டி, வீடெங்கும் கரிய சுவடுகள் பதிந்தன. மணல் கேட்டு வந்த அப்பெண்ணுக்கு, உலர்த்திய களிமண் மணிகளை லோ கொடுத்தார். சாம்பலைப்போல் அவை ஒட்டவில்லை. ஈரத்தையும் நாற்றத்தையும் நன்கு உறிஞ்சின. அப்பெண் மேலும் கேட்டார். பின்னர் லோ அக்களிமண்ணைப் பைகளிலிட்டுக் கிற்றி லிற்றர் என்ற பெயரை எழுதிக் கடைக்கு எடுத்துச் சென்றார். ஐந்து இறாத்தல் கொண்ட பையின் விலை 65 சதம். மலிவாகக் கிடைக்கும் மணலை விட்டு இதனை யார் வாங்குவர் எனக் கடைக்காரர் ஐயுற்றார். தொடக்கத்தில் இலவசமாகக் கொடுக்கும்படி லோ கூறினார். விரைவிலே மக்கள் விலைகொடுத்து வாங்கத் தொடங்கினர்.

இக்கதை, முதலாளித்துவ உலகிலே தனிமனித முயற்சியின் வெற்றிக்கு எடுத்துக்காட்டாகப் பல இடங்களிற் சொல்லப்படுவதுண்டு. லோவின் கூர்மையை நாம் மறுக்கவேண்டியதில்லை. ஆனால் கண்டுபிடிப்பின் முதற்பாதி யாருடையது? நாள்தோறும் தரையைத் துடைத்து, சுவடுகளை எண்ணி, இது இவ்வாறு இருத்தல் தகாது என்று முதலில் உணர்ந்தவர் அந்தப் பெண். பிரச்சினையை வகுத்தவர் அவர். தீர்வைப் பரீட்சித்தவரும் அவரே. விற்பனைப் பையிலே அவர் உழைப்புக்கு இடமிருக்கவில்லை. வீட்டு வேலையிலே பிறக்கும் அறிவு, சந்தைக்கு வரும்பொழுது வேறொருவரின் உடைமையாகிவிடுதல் புதுமையான நிகழ்ச்சியன்று.

லோ கொடுத்த களிமண்ணுக்கு ஆங்கிலத்திலே வழங்கும் பெயர், துணி வெளுப்போர் மண் என்ற பொருளைத் தருவது. கம்பளியிலுள்ள எண்ணெய்ப் பசையை நீக்க ஐரோப்பாவிலே நெடுங்காலம் இத்தகைய மண் பயன்பட்டது. பண்டைய ரோமிலே துணி வெளுக்கும் தொழிலாளர், தொட்டிகளில் மண்ணையும் சேகரித்த சிறுநீரையும் கலந்து, அவற்றினுள் நின்று துணிகளைக் கால்களால் மிதித்தனர். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய பொம்பெயி நகரத்தின் ஓவியங்களில் இக்காட்சியை இன்றும் காணலாம். இச்சிறுநீர் வியாபாரத்தின் மீது வெஸ்பாசியன் என்னும் பேரரசன் வரிகூட விதித்தான். செல்வரின் ஆடை வெண்மையாக மிளிர்வதற்காக அத்தொழிலாளரின் பாதங்கள் நாள் முழுவதும் பிறர் கழிவிலே தோய்ந்திருந்தன. ஓரிடத்துத் தூய்மைக்கு இன்னோரிடத்துப் பாதங்கள் விலைகொடுக்கும் முறை, மணற்பெட்டியிலும் மிகப் பழையது என்பதை இது உணர்த்துகின்றது.

1980களில் இம்மணல் இன்னொரு மாற்றத்தை அடைந்தது. பெந்தொனைற்று என்னும் களிமண்ணைப் பயன்படுத்தி, ஈரம் பட்டதும் கட்டியாகும் மணல் ஆக்கப்பட்டது. முன்னர்ப் பெட்டி முழுவதையும் அடிக்கடி கொட்டிக் கழுவவேண்டியிருந்தது. இப்பொழுது கட்டியை மாத்திரம் அகப்பையால் அள்ளி எறிந்தாற் போதும். வயோமிங் மாநிலத்திலே மிகுதியாகக் கிடைக்கும் இக்களிமண், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலிலே படிந்த எரிமலைச் சாம்பலிலிருந்து உருவானது. அடுப்புச் சாம்பலை வெறுத்துத் தொடங்கிய வரலாறு எரிமலைச் சாம்பலிலே வந்து முடிந்திருக்கின்றது. அதனைப் பெறுவதற்கு மேலேயுள்ள நிலம் வாரியகற்றப்படுகின்றது. களிமண்ணோடு கலந்துள்ள படிகச் சிலிக்காவின் நுண்டூசியை நெடுங்காலம் சுவாசிப்பது சுவாசப்பைக்குக் கேடானது. தொழிலிடங்களிற் சுவாசிக்கப்படும் அத்தூசி புற்றுநோயை உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997இல் வகைப்படுத்தியது. ஆகவே, பாதத்தில் ஒட்டிய ஒரு மணியை நாம் பெருக்கும்பொழுது, அம்மணி நம்மை வந்தடைவதற்கு முன்னரே பலரின் உழைப்பையும் ஓரளவு உடல்நலத்தையும் உட்கொண்டிருக்கின்றது என்பதை மறத்தலாகாது.

இவ்விடத்திலே ஒரு முரண்பாடு தெளிவாகின்றது. ஈரத்தைப் பற்றிக் கட்டியாகும் குணமே இம்மணலின் சிறப்பு. அதே குணத்தினால், ஈரமான பாதத்திலும் விரலிடை மயிரிலும் அது பற்றிக்கொள்கின்றது. பூனைக்கு வியர்வைச் சுரப்பிகள் பாதங்களிலே அமைந்துள்ளமையால் பாதம் எப்பொழுதும் முற்றாக உலர்ந்திருப்பதில்லை. மணி நுண்மையாக இருந்தாற் பூனையின் காலுக்கு இதமாயிருக்கும், கட்டியும் நன்கு திரளும். ஆயின் எளிதில் ஒட்டிச் சிதறும். மணி பெரிதாக இருந்தாற் சிதறுதல் குறையும். ஆயின் பல பூனைகள் அதன்மேற் கால்வைக்க விரும்பமாட்டா. அள்ளுபவரின் வசதியும், தரையின் தூய்மையும், பூனையின் பாதசுகமும் ஒரே மணியிலே மோதுகின்றன. எந்த நலனும் முழுமையாக வெற்றிபெற இயலாத இடத்திலேதான், எதற்கு முதலிடம் என்னும் அறவியற் கேள்வி பிறக்கின்றது.

வழக்கமாக அக்கேள்வி எவ்வாறு தீர்க்கப்படுகின்றது? பூனை தன் உடலைத் தானே நக்கிச் சுத்தஞ்செய்யும் பிராணி. அதன் நாவிலே பின்னோக்கி வளைந்த முட்கள் உள்ளன. நாவிற் சிக்கியதை வெளியே துப்புவது அதற்கு எளிதன்று, விழுங்குவதே எளிது. எனவே, பாதத்தில் ஒட்டியவற்றுள் தரையில் உதிர்ந்தவை நமது விளக்குமாற்றிற்கு வருகின்றன. உதிராதவை பூனையின் வாய்க்குள் செல்கின்றன. தரையில் விழுந்தவற்றைப் பற்றி நாம் முறையிடுகின்றோம். விழுங்கப்பட்டவற்றைப் பற்றிப் பேச்சில்லை. ஆரோக்கியமான வளர்ந்த பூனைக்கு இச்சிறு அளவு பெருந்தீங்கு செய்வது அரிது. ஆனால் வாயில் அகப்பட்டதையெல்லாம் சுவைத்துப் பார்க்கும் இளங்குட்டிகளுக்குக் கட்டியாகும் மணலைக் கொடுக்கவேண்டாமென மிருகவைத்தியர் அறிவுறுத்துகின்றனர். முதுமையினால் மூட்டுவலி கண்ட பூனை, குனிந்து தன் பாதத்தைத் துப்புரவாக்க இயலாது துன்புறும். நீண்ட மயிருள்ள பூனையின் விரலிடையே மணல் கல்லாக இறுகி, நடையையே தடைசெய்யக்கூடும். வசதி மேலே இருப்பவருக்கு. அதன் எச்சம் கீழே இருப்பவரின் நாவிற்கு. இந்த ஏற்பாடு பூனைப் பெட்டியோடு நின்றுவிடும் ஒன்றா என்பதை வாசகர்கள் சிந்தித்துப் பார்க்கவேண்டும்.

அப்படியாயின் செய்யவேண்டியது யாது? அறவியல் பேசுவோர் செய்முறையை ஏளனம் செய்தல் தகாது. விரலிடை மயிர் நீண்டிருந்தால், முனை மழுங்கிய கத்தரிக்கோலாற் பொறுமையாகக் குறைத்துவிடவேண்டும். ஒட்டியது சிறிதாயின், இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, பின் உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்கவேண்டும். இறுகிவிட்ட கட்டியைப் பிடித்திழுத்தால் தோலும் மயிரும் சேர்ந்து வரும். அதனை நீரில் ஊறவைத்து இளகச்செய்தே அகற்றல் வேண்டும். தரைகழுவும் கிருமிநாசினியைப் பாதத்திற்குப் பயன்படுத்துவது ஆபத்தானது. பீனோல் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் தடவியது நாவின் வழியே உட்செல்லும். பெட்டி, பூனை தாராளமாகத் திரும்பக்கூடிய அளவு பெரிதாயிருக்கவேண்டும். அதன் வாயிலில் மணியைப் பிடித்துக்கொள்ளும் சொரசொரப்பான கால்மிதியொன்றை விரிக்கவேண்டும். அழுக்கான மணலே பாதத்தில் மிகுதியாக ஒட்டுமாதலால், நாள்தோறும் அள்ளுதல் தலையாயது. மணலின் வகையை மாற்றுவதாயின் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றவேண்டும். பாதம் அடிக்கடி சிவந்தோ புண்ணாகியோ இருந்தால், அது மிருகவைத்தியரிடம் காட்டவேண்டிய நோய்.

இவை யாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பூனையைத் திருத்த முயலாமல், பூனைக்கு நாம் அமைத்துக்கொடுத்த நிலைமையை இவை திருத்துகின்றன. இதற்கு எதிரான வழியும் உலகில் உண்டு. தளபாடங்களிற் கீறல் விழாதிருக்கும்பொருட்டு, பூனையின் நகங்களை நிரந்தரமாக அகற்றும் சத்திரசிகிச்சை வட அமெரிக்காவிலே நெடுங்காலம் சாதாரண வழக்கமாயிருந்தது. நகத்தை அகற்றுதல் என்பது மென்மையான சொல். உண்மையில் ஒவ்வொரு விரலின் நுனியெலும்பும் வெட்டியெடுக்கப்படுகின்றது. அச்சிகிச்சைக்குப் பின் களிமண் மணிகள் புண்ணில் ஒட்டுமென்பதனால், கடதாசியால் ஆன மணிகளைப் பெட்டியிலிடும்படி சொல்லப்படும். வலியினால் பெட்டியையே வெறுத்து வேறிடங்களிற் கழிவகற்றிய பூனைகளும் உண்டு. அதற்காகக் குற்றம் சாட்டப்பட்டவையும் அவையே. பல நாடுகள் இதனைத் தடைசெய்துள்ளன. அமெரிக்க மாநிலங்களுள் முதலாவதாக நியூயோர்க் 2019இல் தடைசெய்தது. ஓர் ஏற்பாட்டுக்கு உயிர் பொருந்தவில்லையெனின் உயிரை வெட்டிப் பொருத்துவது எத்தகைய மனோபாவம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, பெட்டியை அள்ளுபவர் யார் என்ற கேள்வி எழுகின்றது. பூனையின் அழகைப் புகழ்பவரும் அதன் கழிவை அள்ளுபவரும் எப்பொழுதும் ஒருவரேயல்லர். பல வீடுகளிலே முன்னையது குடும்பத்தின் பொதுச்சொத்து. பின்னையது பெண்ணின் கடமை, அல்லது கூலிக்கு வரும் பணிப்பெண்ணின் கடமை. தொக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனையின் மலத்தோடு வெளிவருவதுண்டு. கர்ப்பிணியை அது தொற்றினால் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு நேரலாம் என்பதனாற் கர்ப்பிணிகள் மணற்பெட்டியைச் சுத்தஞ்செய்தல் ஆகாது என வைத்தியர் கூறுவர். வெளிவந்த ஒட்டுண்ணி தொற்றும் நிலையை அடைய ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை செல்லும். நாள்தோறும் அள்ளினால் ஆபத்துக் குறையும் என்பதன் காரணம் இதுவே. இந்த எளிய விஞ்ஞான உண்மைக்குள் ஒரு சமூகக் கேள்வியும் அடங்கியுள்ளது. எசமானிக்குக் கர்ப்பகாலத்திற் கிடைக்கும் இவ்விலக்கு பணிப்பெண்ணுக்கும் கிடைக்கின்றதா? கிடைக்காவிடில், அவ்வீட்டில் ஆபத்து நீக்கப்படவில்லை; கைமாற்றப்பட்டுள்ளது.

தத்துவ ஞானிகள் விலங்குகள் பற்றி அக்கறை கொண்டதுண்டு. விலங்கிற்கு நாம் நேரடியாகக் கடமைப்பட்டவரல்லர், ஆயினும் விலங்கைக் கொடுமைப்படுத்துபவர் மனிதரிடத்தும் கொடியவராகிவிடுவர் என்பது கான்றின் கருத்து. பகுத்தறிவன்று, துன்பத்தை உணரும் ஆற்றலே ஓர் உயிரைக் கணக்கிலெடுப்பதற்கு அளவுகோல் என்பதைப் பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலிலே நிலைநாட்ட முயன்றார். பெந்தாமின் நிலைப்பாடு முன்னேற்றமானது. எனினும் இருவரும் ஒரு தனிமனிதரையும் ஒரு தனிவிலங்கையும் எதிரெதிரே நிறுத்தியே சிந்தித்தனர். இருவருக்குமிடையேயுள்ள வீடு, சந்தை, சுரங்கம், கூலி ஆகியவை அச்சித்திரத்தில் இல்லை. பூனையைக் கொடுமைப்படுத்த எண்ணாத நல்ல மனிதரின் வீட்டிலேயே பூனை மணலை விழுங்குகின்றது. கொடுமைக்குக் கொடியவர் அவசியமில்லை. கேள்விகேட்கப்படாத ஏற்பாடே போதுமானது.

இவ்வகையில், மேரி டக்ளஸ் என்னும் மானிடவியலாளர் 1966இல் வெளியிட்ட ஆராய்ச்சி நமக்கு மேலும் உதவுகின்றது. அழுக்கு என்பது தன்னளவில் ஒரு பொருளன்று, தனக்குரிய இடத்திலன்றிப் பிறிதோரிடத்திற் காணப்படும் பொருளே அழுக்கெனப்படுகின்றது என்ற கருத்தை அவர் விரித்துரைத்தார். பெட்டிக்குள் இருக்கும்வரை மணல் சுத்தப்பொருள். கட்டிலின் மேல் அதே மணல் அழுக்கு. கருத்துச் சரியானதே. ஆயின் இதனோடு நாம் இன்னொரு கேள்வியையும் சேர்க்கவேண்டும். எது எங்கே இருக்கவேண்டுமென வகுக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது?

நமது சமுதாயத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. பிறரது அழுக்கை அகற்றும் மக்களையே அழுக்கானவர் எனக்கூறி, கோயில் வாசலிலும் தேநீர்க்கடையிலும் கிணற்றடியிலும் நிறுத்திவைத்த சமுதாயம் நம்முடையது. சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957இல் இயற்றப்பட்ட பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்திற்காகப் போராடவேண்டியிருந்தது. மனிதரையும் பூனையையும் ஒப்பிடுவது இங்கு நோக்கமன்று. அது அம்மக்களுக்கு இழைக்கும் அவமதிப்பாகும். ஒப்பிடப்படுவது சிந்தனைமுறை ஒன்றே. ஓர் ஏற்பாடு உண்டாக்கிய அழுக்கு யாருடைய உடலிலே படிகின்றதோ, அவ்வுடலையே அழுக்கின் காரணமாகக் காட்டுவது அச்சிந்தனைமுறை. மணல் ஒட்டிய பாதத்தைப் பார்த்து அழுக்குப் பூனை என்று திட்டுபவரிடத்தே, தீங்கற்ற சிறிய உருவத்தில், அதே தர்க்கம் இயங்குகின்றது. சிறிய இடத்தில் அதனை இனங்காணப் பழகியவர் பெரிய இடத்திலும் இனங்காண்பர்.

பெட்டியிலிருந்து அள்ளப்பட்ட கட்டியின் பயணத்தையும் தொடர்ந்து பார்ப்போம். மலகூடத்திலே கொட்டி நீரை இறைப்போர் உண்டு. பூனையின் மலத்திலுள்ள மேற்கூறிய ஒட்டுண்ணி நீர்வழியே கடலையடைந்து, கலிபோர்ணியக் கரையோரத்துக் கடல் நீர்நாய்களின் இறப்புக்குக் காரணமாவதை ஆராய்ச்சியாளர் கண்டனர். பூனை மணலையும் கழிவையும் மலகூடத்திலோ வடிகாலிலோ இடவேண்டாமெனப் பைகளிற் பொறிக்கவேண்டும் என்று அம்மாநிலம் 2006இற் சட்டமியற்றியது. பெரும்பாலோர் கட்டியைப் பொலித்தீன் பையிற் கட்டிக் குப்பையோடு எறிகின்றனர். களிமண் உக்குவதில்லை, பொலித்தீனும் உக்குவதில்லை. நகரம் நிலத்தின் சத்தை உண்டுவிட்டு அதனை நிலத்திற்குத் திருப்பிக் கொடுப்பதில்லை, மனிதருக்கும் மண்ணுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் இதனால் முறிகின்றது என்று கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியான மூலதனத்தின் முதற்பாகத்திலே சுட்டிக்காட்டியிருந்தார். வளவுப் பூனையின் கழிவு மண்ணோடு மண்ணாகின்றது. பெட்டிப் பூனையின் கழிவோ, ஒரு மாநிலத்தின் மண்ணைப் போர்த்துக்கொண்டு இன்னோரிடத்தின் குப்பைமேட்டிலே சென்று குந்துகின்றது.

குப்பைமேடு என்ற சொல் நமக்கு வெறுஞ்சொல்லன்று. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பின் குப்பை குவிக்கப்பட்ட மீதொட்டமுல்லை மேடு சரிந்து, அதனடியில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களின் வீடுகளை மூடியது. 30இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வழிவுக்குப் பூனை மணல் காரணமென்று யாரும் கூறார். ஆனால் வாசலுக்கு வெளியே வைத்த பை எங்கே போகின்றது எனக் கேளாத மனோபாவம் அதற்குக் காரணங்களுள் ஒன்று. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பது நம்மவர் பழமொழி. கண்ணை மூடிக்கொள்வது இங்கே பூனையன்று.

இவ்வாறாயின் நகரத்திலே பூனை வளர்ப்பதே தவறா, அல்லது அதனைத் தெருவிலே விட்டுவிடுவதே நியாயமா என ஒருவர் கேட்கலாம். இரண்டும் விடையாகா. தெருவிலே வாகனங்களும் நோய்களும் பூனையைக் கொல்கின்றன. பூனை பறவைகளைக் கொல்கின்றது. அடைத்து வளர்த்தல் சில இடங்களில் நியாயமானதே. ஆனால் அடைத்தல் ஒரு கடனை உண்டாக்குகின்றது. அது இழந்த மண்ணுக்கு ஈடாக இயன்றவரை நல்ல பெட்டியைக் கொடுப்பதும், அதன் பாதத்தை நமது கையினாலேயே துடைப்பதும், அவ்வேலையை வீட்டின் ஆண்களும் மாணவரும் பங்கிட்டுக்கொள்வதும் அக்கடனின் பகுதிகள். மரத்தூளாலும் பழைய கடதாசியாலும் ஆன மணிகளைப் பூனை ஏற்குமாயின் களிமண்ணுக்குப் பதிலாக அவற்றைப் பயன்படுத்தலாம். பெரிய மணிகள் பாதத்திலும் குறைவாகவே ஒட்டும். எனினும் கழிவோடு சேர்ந்த அவற்றைக் காய்கறித் தோட்டத்திற்குப் பசளையாக இடுதல் ஆகாது. ஒட்டுண்ணியின் ஆபத்து அங்கும் உண்டு.

தனிமனிதரின் நற்பழக்கத்தால் மட்டும் இக்கடன் தீர்ந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சுரங்கத் தொழிலாளி சுவாசிக்கும் காற்றை வீட்டுக்காரரின் அன்பு சுத்தமாக்காது. அதற்குத் தொழிற்சட்டமும் தொழிற்சங்கமும் வேண்டும். குப்பைமேட்டின் அடியில் வாழ்வோரின் பாதுகாப்பு, பையை ஒழுங்காகக் கட்டுவதால் வந்துவிடாது. அதற்கு மக்களுக்குப் பதில்சொல்லும் நகராட்சி வேண்டும். ஆனால் பொதுநியாயத்திற்காகக் குரலெழுப்புபவர் தம் வீட்டின் மூலையிலே அந்நியாயத்தை மறந்திருப்பாராயின், அவருடைய குரலில் உறுதி இராது. இரண்டும் ஒரே பணியின் இரு முனைகள்.

தூய்மை என்பது அழுக்கைக் கண்ணுக்கு மறைவான இடத்திற்கு அனுப்பிவைக்கும் திறமையன்று. நமது வாழ்வு உண்டாக்கிய அழுக்கு எங்கே போகின்றது, யார் கையில், யார் நுரையீரலில், யார் நாவில் தங்குகின்றது என்பதை இறுதிவரை பின்தொடர்ந்து, அதன் பாரத்தை நியாயமாகப் பகிர்ந்துகொள்வதே தூய்மை. பேசத்தெரிந்தவர்கள் கூட்டம் கூடி நியாயம் கேட்பர். பேசத்தெரியாத ஓர் உயிர் தன் பாதத்தை நீட்டிப் பொறுமையாக நக்கிக்கொண்டிருக்கும்பொழுது, அதன் சார்பிலே கேள்வி கேட்கவேண்டியவர், அப்பெட்டியை அங்கே வைத்தவரே.